மண்டபத்தில் நான் முதலில் எழுதிக் கொடுத்த பெயர்

போன வாரம், முன்பு என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் போன் செய்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், இப்போது வேறொரு கல்லூரியில் இருக்கிறாள். "அக்கா, பிள்ளைங்க நாளைக்கு காலேஜ் கேட்டுல போராட்டம்னு உட்காரப் போறாங்க, என்னையும் கூப்பிடுறாங்க, போகட்டுமா?" என்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் என் கதையைச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், 2017இல் எனக்கு இதையெல்லாம் யாராவது பத்து நிமிஷம் சொல்லியிருந்தால்கூடப் போதுமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். கல்லூரி பெயர், ஊர்ப் பெயர், காவல் நிலையத்தின் பெயர் எதுவும் வராது, கேட்காதீர்கள்.

நான் டெல்டா பக்கத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் பொருளாதாரம் எடுத்துக்கொண்டிருந்தேன். உதவிபெறும் கல்லூரி என்றதும் அரசு சம்பளம் என்று நினைத்துவிட வேண்டாம். நான் சுயநிதிப் பிரிவு. காலையில் ரெகுலர் பிரிவுக்கு வரும் பேராசிரியர் வாங்கும் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்குகூட எனக்குக் கிடையாது. மாதம் 14,500 ரூபாய், மே மாதம் சம்பளம் இல்லை. அதே கரும்பலகை, அதே பாடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசம்தான் அடிப்படை.

2017 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா இறந்த செய்தி வந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த பெண், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நின்ற பெண். சட்டமன்றத்தில் பிப்ரவரியிலேயே நீட் விலக்கு மசோதா நிறைவேற்றிவிட்டார்கள், டெல்லியில் ஒப்புதல் வரவில்லை. ஓராண்டுக்காவது விலக்கு கிடைக்கும் என்று ஆகஸ்டு நடுவில் நம்பிக்கை கொடுத்தார்கள், ஆகஸ்டு 22இல் அதுவும் போனது. என் வகுப்பில் பாதிப் பேர் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அனிதாவின் அப்பா மூட்டை தூக்குகிறவர் என்று பேப்பரில் வந்தபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமை பக்ரீத் விடுமுறை. திங்கட்கிழமை ஒருவரும் பாடம் கேட்கிற நிலையில் இல்லை. செவ்வாய்க்கிழமை செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். வழக்கமாகப் பேனாவும் ரோஜாப் பூவும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைக்கு யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லை, நாற்பது பேர் கேட்டுக்குப் பக்கத்தில் புங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு என் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "மேம், ஒரு அஞ்சு நிமிஷம் வந்து உட்காருங்க மேம், நீங்க வந்தா பிரின்சிபல் திட்ட மாட்டாரு." போனேன். புரட்சி செய்யப் போகிறேன் என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை. வெயிலில் பொம்பளப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பெரியவர் ஒருத்தர் கூட இருக்கட்டும் என்றுதான் போனேன். போய் உட்கார்ந்ததும் கோஷம் போட்டார்கள், நானும் போட்டேன். அதை மறைக்கப் போவதில்லை. முக்கால் மணி நேரம் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. அப்புறம் யாரோ "ரோட்டுக்குப் போவோம்" என்றார்கள், எழுந்து கேட்டைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்றார்கள். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. கல்லூரிச் சுவருக்கு உள்ளே இருக்கும் வரை அது கல்லூரி விவகாரம், போலீஸ் உள்ளே வருவதற்கே நிர்வாகத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். கேட்டைத் தாண்டி ஓரடி வைத்தால் அது சாலை மறியல். எங்கள் கேட்டின் இரும்புத் தண்டவாளம் சரியாக நாலு விரல் அகலம். அந்த நாலு விரலுக்குப் பிற்பாடு நான் கொடுத்த விலையைக் கடைசியில் கணக்குப் போடுகிறேன்.

பன்னிரண்டேகாலுக்கு இரண்டு வேன் வந்தது. அடி கிடி எதுவும் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு மெரினாவில் கடைசி நாள் நடந்ததை டிவியில் பார்த்திருந்ததால் பிள்ளைகள் நடுங்கிப்போயிருந்தார்கள். ஆனால் இங்கே கையைப் பிடித்து ஏற்றினார்கள், அவ்வளவுதான். பைபாஸ் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு நாள் முன்பு நடந்த முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. மேடையில் தெர்மாகோலில் மணமக்கள் பெயர் அப்படியே இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். புளிசாதப் பொட்டலமும் தண்ணீர் பாக்கெட்டும் வந்தது. பெண் காவலர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க ஏன் டீச்சர் இதுக்கெல்லாம் வந்தீங்க, என் பொண்ணும் பிளஸ் டூதான், எனக்கு மட்டும் வயிறு எரியாதா" என்று மெதுவாகச் சொன்னார்.

மூன்று மணிக்கு ஏட்டு ஒருவர் கோடு போட்ட முழு வெள்ளைத் தாள் இரண்டைக் கொண்டுவந்தார். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, போன் நம்பர், கையெழுத்து என்று கட்டம் போட்டிருந்தது. பிள்ளைகள் தயங்கினார்கள். நான்தான் பேனாவை வாங்கி முதல் வரியில் என் பெயரை எழுதினேன். "பயப்படாதீங்க, இது சும்மா வருகைப் பதிவு மாதிரி, சாயங்காலம் விட்டுடுவாங்க, தெளிவா எழுதுங்க" என்று சொன்னேன். ஒரு பையன் தெருப் பெயரைத் தப்பாக எழுதியதைத் திருத்தக்கூடச் செய்தேன். வாத்தியார் புத்தி. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் சொன்னபடி விட்டுவிட்டார்கள். வாசலில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அம்மா "முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுதும்மா" என்றேன்.

முடியவில்லை. நம் ஊரில் எல்லோர் மனதிலும் இருக்கிற ஒரு தப்புக் கணக்கு இது. மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டால் விஷயம் அத்தோடு சரி என்று நினைத்துக்கொள்கிறோம். கட்சிக்காரர்களுக்கு அது சரி, அவர்களுக்கு வக்கீல் அணி இருக்கிறது, வழக்கு ஒரு பதக்கம் மாதிரி. மாணவருக்கும் வேலையில் இருப்பவருக்கும் அப்படி இல்லை. அந்தத் தாள் நேராக நிலையத்துக்குப் போகும், அன்று இரவே அதை வைத்து எஃப்.ஐ.ஆர் போடலாம், போடாமலும் விடலாம். போட்டால் உங்களுக்கு யாரும் தபால் அனுப்ப மாட்டார்கள். பெயர் சொல்ல மாட்டேன் என்று அடம் பிடிக்கச் சொல்லவில்லை, பொய்ப் பெயர் எழுதவும் கூடாது, இரண்டுமே சிக்கலைக் கூட்டும். ஆனால் எழுதும் முன் கேளுங்கள்: எந்த நிலையம், எந்தப் பிரிவு, கைதா அல்லது முன்னெச்சரிக்கையாகப் பிடித்து வைத்திருக்கிறீர்களா, வழக்குப் பதிவாகுமா? மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். நிறைய செல்போன் இருந்தது, செல்ஃபி எடுத்தோமே தவிர அந்தத் தாளை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அந்த நிலையத்தின் எஃப்.ஐ.ஆர்களைப் பாருங்கள். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே சொல்லியிருக்கிறது, சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. நான் பார்த்திருந்தால் ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் காலை மெமோ. "மாணவர்களைத் தூண்டி, கல்லூரிக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்கு" இரண்டு நாளில் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. எனக்கு இரண்டு நாள் தேவைப்படவில்லை, இரண்டு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். துறைத்தலைவர் "ஒரு வருத்தம் தெரிவிச்சுடும்மா, ஃபைல்ல போட்டு மூடிடுவாங்க" என்றார். "சட்டத்துக்குப் புறம்பாகக் கூடிய கூட்டத்தில் பங்கேற்றதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்" என்று என் கைப்பட எழுதினேன். கூட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று போலீஸ்கூட அதுவரை என்னிடம் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன்! மெமோ வந்தால் முதலில் அவகாசம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். பதிலில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் போனேன், எனக்கு அப்போது வகுப்பு இருந்ததா, யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வந்தேன். குணம் குற்றம் பற்றிய சொற்கள் எதுவும் உங்கள் கையால் வர வேண்டாம். நகலில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். என்னிடம் நகல்கூடக் கிடையாது.

அந்த வாரம் முழுக்க ஊரெங்கும் இதே பேச்சு. விழுப்புரம் மாவட்டத்தில் சபரிமாலா என்ற அரசுப் பள்ளி ஆசிரியை நீட்டை எதிர்த்து வேலையையே ராஜினாமா செய்தார். செப்டம்பர் 8ஆம் தேதி, போராட்டத்தால் இயல்பு வாழ்க்கை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஸ்டாஃப் ரூமில் என் மேஜைப் பக்கம் வந்து டிபன் பாக்ஸ் திறக்கிறவர்கள் நின்றுவிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை, இடம் மட்டும் மாறிவிட்டது. தமிழ்த் துறையின் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் நூலகத்துக்கு வந்தபோது, "1965இல் மதுரையில் இலக்குவனாரையே பிடித்து உள்ளே போட்டார்கள் அம்மா, பேராசிரியர் என்று பார்க்கவில்லை" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். இலக்குவனார் பெரிய தமிழறிஞர், அவருக்காகப் பேச ஊர் இருந்தது. சுயநிதிப் பிரிவில் இருக்கிற எனக்கு யார் பேசுவார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

2018 ஏப்ரலில் தேர்வு முடிந்ததும், ஜூனிலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொன்னார்கள். கடிதம் கேட்டேன், "கடிதம் கேட்டா அனுபவச் சான்றிதழ் கிடைக்காது" என்ற தொனியில் பதில் வந்தது. ஆறு வருஷ அனுபவச் சான்றிதழ் எனக்கு வேண்டும், பேசாமல் வந்துவிட்டேன். தனியார் கல்லூரி ஆசிரியரை நீக்க முன் அனுமதி வாங்க வேண்டும் என்று 1976ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். ஒரு மெட்ரிக் பள்ளியில் 11,000 ரூபாய்க்குச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு தோழி மாலத்தீவு பள்ளி வேலையைப் பற்றிச் சொன்னாள். நம் பக்கத்திலிருந்து நிறைய ஆசிரியர்கள் போகிறார்கள், சம்பளம் என்னுடையதைப் போல நாலைந்து மடங்கு. 2019 பிப்ரவரியில் நேர்காணல் முடிந்தது, எடுத்துக்கொண்டார்கள், ஏஜென்டுக்கு 20,000 முன்பணம் கட்டினேன். பாஸ்போர்ட்டுக்கு 1,500 கட்டி விண்ணப்பித்தேன். நீதிமன்றத்தில் ஏதாவது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டேன். எனக்குத் தெரிந்த வரை இல்லைதானே.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரை வைத்துவிட்டு ஒரு நோட்டைப் பார்த்து, "மேடம், உங்க மேல ஒரு கேஸ் இருக்கே, பதினேழுல, நீங்கதான் ஏ ஒன்" என்றார். ஏ ஒன் என்றால் வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் என்பது அம்மாவுக்குப் புரியவில்லை. ஏதோ முதல் மார்க் மாதிரி நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் பணம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, இருப்பதை இருக்கிறபடி எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கடிதம்: காவல்துறை அறிக்கை பாதகமாக வந்திருக்கிறது, தகவலை மறைத்ததற்கு விளக்கம் தருக. மாலத்தீவில் ஏப்ரல் வரைதான் காத்திருப்போம் என்றார்கள். ஏஜென்ட் 8,000 திருப்பிக் கொடுத்தார், மீதியைக் கேட்டுச் சலித்துப்போய் விட்டுவிட்டேன்.

எஃப்.ஐ.ஆரைத் தேடி எடுத்தேன். இந்திய தண்டனைச் சட்டம் 143, 341, 188. சட்டவிரோதக் கூட்டம், வழியை மறித்தல், அதிகாரியின் உத்தரவை மீறுதல். கூட்டம் கூட முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிற காவல் சட்டம் 30(2) எங்கள் மாவட்டத்தில் அப்போது அமலில் இருந்ததாம். அது நம் ஊரில் எப்போதுதான் அமலில் இல்லை! குற்றம் சாட்டப்பட்டவர்கள் 23 பேர், வரிசையாக. அந்த வரிசையைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. மண்டபத்தில் எழுதிய முதல் தாள்! நான் முதல் வரி, ஏ ஒன். என்னைக் கூப்பிட வந்த பெண் ஏ ஃபோர். தெருப் பெயரை நான் திருத்திக் கொடுத்த பையன் ஏ நைன், தெருப் பெயர் பிழையில்லாமல் இருந்தது. இரண்டாவது தாளில் எழுதிய பதினெட்டுப் பேர் 'மற்றும் பலர்' ஆகித் தப்பித்துவிட்டார்கள். தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதிய பிள்ளைகள் அவர்கள்.

உள்ளூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன், ஆலோசனைக்கு 3,000. "இது சின்ன கேஸ்மா, சார்ஜ் ஷீட் போடச் சொல்லிடலாம், கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடும், ஐநூறோ ஆயிரமோ" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டேன். இதைப் படிக்கிற யாராவது இந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தால் தயவுசெய்து வெளியே வந்துவிடுங்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால் தண்டனை பெற்றவர் என்று அர்த்தம். ஐநூறு ரூபாயில் வழக்கு முடியும், ஆனால் அரசு வேலைப் படிவத்தில் 'தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா' என்ற கேள்வி ஆயுசுக்கும் உங்கள் எதிரே வந்து நிற்கும்.

என்னைக் காப்பாற்றியது என் பழைய மாணவனின் அண்ணன், மதுரையில் ஜூனியர் வக்கீல். எஃப்.ஐ.ஆரைப் படித்துவிட்டு போனிலேயே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, 188ஆவது பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர் போட்டு வழக்கு நடத்த முடியாது, உத்தரவு போட்ட அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். கரூர் மாவட்டத்து ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பர் 20ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இதை விரிவாகவே சொல்லியிருக்கிறது, அமைதியாகக் கூடியதெல்லாம் 143 ஆகிவிடாது என்பதையும் சேர்த்து. இரண்டாவது, காலக்கெடு. இந்த மூன்று பிரிவிலும் அதிகபட்ச தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டாது. ஓராண்டுக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். எங்கள் வழக்கில் ஒன்றரை வருஷமாக ஒரு தாளும் நகரவில்லை. ரத்து செய்யக் கேட்டு மதுரைக் கிளையில் மனு போடலாம் என்றார். "மேடம், இன்னொன்னு. கோர்ட் இன்னும் வழக்கைக் கையிலேயே எடுக்கல, அதனால 'நீதிமன்றத்தில் நிலுவை' இல்லைன்னு நீங்க எழுதினது பொய் இல்ல." அந்த ஒரு வாக்கியத்துக்கு அன்று நான் அழுதேன். வெறும் எஃப்.ஐ.ஆர் மட்டும் இருந்தால் அது நீதிமன்ற நிலுவை ஆகாது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. பாஸ்போர்ட் நிறுத்தப்பட்டவர்கள் அதைக் காட்டி விளக்கம் எழுதலாம். வழக்கு உண்மையிலேயே நீதிமன்றத்தில் இருந்தால் அங்கே அனுமதி மனு போட்டுக் குறைந்த காலப் பாஸ்போர்ட் வாங்கவும் வழி உண்டு.

23 பேரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போட்டால் செலவு குறையும் என்றார், மொத்தம் 60,000. அதற்கு 22 பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். படித்து முடித்து எங்கெங்கோ போயிருந்தார்கள். ஒருவன் ஓசூரில் கம்பெனியில், இருவர் சென்னையில் டெலிவரி வேலை, இருவர் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இருவரைப் பற்றித்தான் எனக்குப் பயம். மற்ற வேலைகளைவிடப் போலீஸ் வேலைக்கு விதி கடுமை. வழக்கு இருப்பதை எழுதினாலும் சிக்கல், மறைத்தால் அதைவிடச் சிக்கல். வழக்கை மறைப்பது பற்றி அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதை வக்கீல் தம்பி எடுத்துக் காட்டினார். அற்பமான வழக்கு என்றால் மன்னிக்க இடம் உண்டு, ஆனால் முடிவு வேலை கொடுப்பவர் கையில். படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதிவிடு, கூடவே மனுவின் நகலை இணைத்துவிடு என்றுதான் இருவருக்கும் சொன்னேன்.

ஏ ஃபோர் பெண்ணின் வீட்டுக்கு நேரில் போனேன், போனில் அப்பா எடுத்து வைத்துவிட்டார் என்பதால். அவர் தனியார் பஸ் டிரைவர், டூட்டி முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. வக்காலத்தில் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "நீங்க உட்காரலைன்னா எம் பொண்ணு அந்தத் தாளுல எழுதியிருக்குமா?" என்றார். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. உள்ளே கதவோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள், என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. சொல்லவில்லை. பேனாவைக் கொடுத்தது நான்தானே, அதுவும் உண்மைதானே. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன், 2,000 ரூபாய் கேட்கவில்லை. மொத்தத்தில் பதினான்கு பேர் ஆளுக்கு 2,000 கொடுத்தார்கள், 28,000. மீதி 32,000 நான் போட்டேன், அம்மாவின் இரட்டை வட வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது.

2019 ஆகஸ்டில் மனு, நவம்பரில் ரத்து உத்தரவு. நாலு முறை மதுரைக்குப் போனேன், உண்மையில் ஒரு முறைகூடத் தேவை இருந்திருக்காது, மனது கேட்கவில்லை. எங்கள் வழக்கு இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாக நடந்தது. கணக்குப் போடுகிறேன் என்றேனே, இதோ: மனுவுக்கு 32,000, ஏஜென்டிடம் 12,000, முதல் வக்கீலுக்கு 3,000, பஸ், நகல், தபால் எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். 51,000க்கு மேல். போன வேலையையும், வராத மாலத்தீவு சம்பளத்தையும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

போனில் கேட்ட அந்தத் தங்கையிடம் கடைசியாகச் சொன்னவை சில. போகிறாய் என்றால் எதற்குப் போகிறாய் என்று முன்பே முடிவு செய்துகொள்: கூட உட்கார்ந்து கோஷம் போடவா, பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கவா? துணைக்கு என்றால் பிரின்சிபலுக்கு ஒரு வரி வாட்ஸ்அப் போட்டுவிட்டுப் போ, அது பின்னால் சாட்சி. கேட்டைத் தாண்ட விடாதே. வக்கீல் ஒருவர் நம்பரைக் கையில் பேனாவால் எழுதிக்கொள், போனை வாங்கி வைத்துவிட்டால் நினைவில் இருக்காது. பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது, விதிவிலக்குக்கு மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். அதைப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி வை. இப்போது சட்டத்தின் எண்கள் மாறிவிட்டன, 2024 ஜூலை 1 முதல் 143க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா 189, 188க்குப் பதில் 223, ரத்து மனுவுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482 போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528. பழைய தீர்ப்பைத் தேடும்போது பழைய எண்ணில்தான் கிடைக்கும். ஆசிரியர் என்றால் மரியாதை கொடுத்து விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரைப் போலீஸ் அமுக்கிப் பிடித்திருந்ததைப் போய்க் கேட்ட பேராசிரியையைத் தரையில் தள்ளி விலங்கு மாட்டினார்கள், தான் பேராசிரியை என்று அவர் சொல்லச் சொல்ல. அவரும் பொருளாதாரம்தான். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். ரத்து உத்தரவு வந்தால் வழக்கு தானாக எங்கும் அழியாது. சான்றிட்ட நகல் வாங்கி, நீங்களே நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை வாங்க வேண்டும். போனேன். இன்ஸ்பெக்டர், ஏட்டு எல்லோரும் மாறிப்போயிருந்தார்கள். ரைட்டர் உத்தரவை வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய கட்டிலிருந்து எங்கள் கோப்பை உருவினார். மேலே அந்த முதல் தாள், நடுவில் மடித்த கோடு பழுத்துப்போயிருந்தது, என் கையெழுத்து அப்படியே. "டீச்சர் கையெழுத்து நல்லாருக்கு" என்றார், கிண்டலாகச் சொல்லவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த நகலைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அனுப்பினேன், 2020 ஜனவரியில் பாஸ்போர்ட் வந்தது. மாலத்தீவு ஏஜென்டிடம் மறுபடி பேசினேன், ஜூனில் ஆள் எடுப்பார்கள் என்றார். மார்ச்சில் ஊரடங்கு. பாஸ்போர்ட் அம்மாவின் பீரோவில் வளையல் ரசீதோடு இருக்கிறது, வளையலை மீட்டாயிற்று, ரசீதை அவள் தூக்கிப் போடவில்லை. ஒரு பக்கத்தில்கூட முத்திரை விழவில்லை, 2030 ஜனவரி வரை செல்லும்.